பம்ப் நின்ற நாட்கள்

1

அப்பா இங்கிருந்து ஊருக்குத் திரும்பிப் போய் இந்த ஜூலையோடு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு மாதம் தங்க விசா வாங்கி வந்தவர் மூன்றே மாதத்தில் கிளம்பிவிட்டார். திருவண்ணாமலையில் கேட்டவர்களிடமெல்லாம் "குளிர் ஒத்துக்கல" என்று சொல்லியிருக்கிறார். ஜூலை மாதத்தில் என்ன குளிர் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை போலிருக்கிறது. குளிர் காரணமில்லை. நான்தான் காரணம். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நினைவை நம்பி எழுதினால் எனக்குச் சாதகமாகவே எழுதிவிடுவேன்.

ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் "லண்டனில் இருக்கிறவன்". நாங்கள் இருக்கும் இங்கிலாந்து ஊரிலிருந்து லண்டன் ரயிலில் இரண்டு மணி நேரம். என் மனைவி கலைவாணி இங்கே மருத்துவமனையில் செவிலியர். 2002இல் அவளுக்கு வேலை கிடைத்து, அவளுடைய விசாவில் ஓர் இணைப்பாக நானும் எங்கள் மகள் தீபாவும் வந்து சேர்ந்தோம். கலெக்டர் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டு கோப்பு எழுதிய கைக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. கிடங்கில் பெட்டி தூக்கினேன். பிறகு ஒரு வேன் வாங்கி ஜன்னல் துடைக்கும் தொழிலைத் தொடங்கினேன்.

ஏணி வைத்து ஏறித் துடைக்கிற வேலை அல்ல அது. வேனுக்குள் ஒரு பெரிய தண்ணீர் டேங்க். உப்பெல்லாம் நீக்கி வடிகட்டிய தண்ணீர். கண்ணாடியில் தானாகக் காய்ந்தாலும் கறை விழாது. டேங்கோடு ஒரு பம்ப், அதிலிருந்து நீளமான ஹோஸ், ஹோஸின் முனையில் மூன்றாம் மாடிவரை எட்டுகிற இலேசான கம்பம், கம்பத்தின் தலையில் பிரஷ். தரையில் நின்றபடியே மேல்மாடிக் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். தொல்லை ஒன்றுதான். பம்ப்பின் சுவிட்ச் தெருவில் நிற்கிற வேனில் இருக்கும். நான் வீட்டின் பின்பக்கம் இருப்பேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய்ச் சுவிட்சைப் போட்டு, திரும்பி வந்து, முடித்ததும் மறுபடி போய் நிறுத்த வேண்டும். நான் வருவதற்குள் தண்ணீர் யாருடைய ரோஜாச் செடியிலாவது கொட்டிக்கொண்டிருக்கும்.

2

தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும்தான் அப்பாவின் வாழ்நாள் வேலை. திருவண்ணாமலை நகராட்சியில் அவர் வால்வு ஆபரேட்டர். சாலையோரக் குழியின் இரும்பு மூடியைத் தூக்கிவிட்டு, நீண்ட சாவியை உள்ளே விட்டுத் திருகுவார். இந்தத் தெருவுக்கு நின்று அடுத்த தெருவுக்குத் தண்ணீர் போகும். கார்த்திகை தீபத்தின்போது மூன்று நாள் வீட்டுக்கே வரமாட்டார்.

1989 செப்டம்பர் கடைசியில் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். புதிய அலுவலகங்கள், புதிய பணியிடங்கள். அந்த அலையில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. அலுவலகத்தில் "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டால் "நகராட்சியில இருக்காரு" என்பேன். கேட்டவர்கள் குமாஸ்தா என்று எடுத்துக்கொள்வார்கள். நான் திருத்தமாட்டேன்.

1991 கோடையில் ஒரு காலை, எங்கள் கண்காணிப்பாளரோடு செங்கம் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பத்தடி தூரத்தில் அப்பா சாலையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைக் குழிக்குள் விட்டுக் கசிகிற வால்வைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது சட்டை முழுக்கச் சேறு. என்னைப் பார்த்தார். நான் டீ கிளாசைப் பார்த்தேன். அவர் மூடியைப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளிநாட்டு வாழ்க்கை மனிதனை மாற்றிவிடுகிறது என்று இந்த மாதிரிக் குறிப்புகளில் பலர் எழுதுகிறார்கள். நானும் அப்படி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் புத்தியை நான் விமானத்தில் ஏறுவதற்கு முன்பே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன்.

3

அம்மா 2006இல் இறந்தாள். நான் ஒரே பிள்ளை. மறுவருடம் ஏப்ரலில் அப்பாவை அழைத்து வந்தேன். வந்த இடம் அவருக்குப் பிடித்துப்போனால், நிரந்தரமாக எங்களோடு வைத்துக்கொள்ள விண்ணப்பிப்பது என்பது எங்கள் திட்டம். அதைத்தான் நான் வேறு எதையும்விட அதிகமாக விரும்பினேன். இப்போதும் விரும்புகிறேன்.

விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். அதில் ஒரு பத்தியில், விண்ணப்பிப்பவர் முழுக்க முழுக்கத் தம் பிள்ளையைச் சார்ந்தே வாழ்கிறார் என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். படித்து அர்த்தம் சொன்னேன்.

"பென்ஷன் வருதேடா எனக்கு" என்றார் அப்பா. "சார்ந்து வாழறேன்னு பொய் எழுதணுமா?"

"எல்லாரும் எழுதறதுதாம்பா. இல்லன்னா உடமாட்டாங்க."

"சரி. பொய்தானே. கெளம்பறதுக்குள்ள போட்டுத் தரேன், வையி."

பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். அப்பா ஒரு வாரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். எட்டாம் நாள் காலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு வேனின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதல் வீட்டிலேயே சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டார். "நீ எதுக்கு ஓடியாறே? கையத் தூக்கு, போடறேன். ரெண்டு கையும் தூக்கு, நிறுத்தறேன்."

அப்புறம் வேலை தடங்கலில்லாமல் ஓடியது. தண்ணீர் வேண்டும்போதெல்லாம் வீட்டு மூலைக்கு வந்து திரும்பிப் பார்ப்பேன். வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, ஒரு கை சுவிட்சில் இருக்க, கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கையைத் தூக்குவேன். பம்ப் உறுமும். ஒரு வீட்டுக்கு ஏழெட்டு முறை திரும்புவேன். தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாது. மாலையில் கலைவாணியிடம், "ஒம் புருஷன் தண்ணிய ஜாஸ்தி செலவு பண்றாம்மா. இனிமே கம்மியாவும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுவார். அம்மா இறந்தபின் எங்கள் வீட்டில் அவர் சிரித்த நாட்கள் அவைதான்.

மே மாதத் தொடக்கத்தில், வாடிக்கையாளர்களில் ஒருவரான, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். வேனைக் காட்டி, "உங்களுக்கு ஓர் உதவியாள் கிடைத்துவிட்டார் போலிருக்கிறதே, நல்லது" என்றார். என் அப்பா என்று சொல்ல ஒரு நொடி போதும். மப்ளர், விபூதி, ஸ்வெட்டருக்கு மேல் போட்ட அரைக்கைச் சட்டை எல்லாம் அந்த ஒரு நொடியில் என் கண்ணில் பட்டன. "ஆமாம்" என்றேன்.

அந்த அம்மாள் நூலகத்தில் தீபாவைப் பார்த்துப் பேசியிருக்கிறார். தீபாவுக்கு அப்போது பதினொரு வயது. தமிழ் புரியும், பதில் பாதி ஆங்கிலத்தில்தான் வரும். சாப்பிடும்போது எல்லாருக்கும் நடுவில் கேட்டாள்: "அப்பா, உங்க ஹெல்ப்பர் ரொம்ப நைஸ்னு டீச்சர் சொன்னாங்க. யாரு உங்க ஹெல்ப்பர்?"

கலைவாணி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன். அப்பாதான் பேசினார்.

"நான்தாண்டி குட்டி. நகராட்சில ஹெல்ப்பரா சேந்து, பதினோரு வருஷம் கழிச்சித்தான் ஆபரேட்டர் ஆனேன். ஒங்கப்பன் இங்க கூட்டியாந்து எனக்கு டிமோஷன் குடுத்துட்டான்."

தீபா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

4

அந்தச் சமயத்தில் எங்கள் தொழிலில் பம்ப்புக்கு ரிமோட் வரத் தொடங்கியிருந்தது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிற அளவு, இரண்டு பொத்தான்கள். பம்ப்போடு ஒரு சிறு பெட்டியை இணைத்துவிட்டால் வீட்டின் பின்பக்கத்திலிருந்தே போடலாம், நிறுத்தலாம். நான் ஒன்று வாங்கினேன்.

ஏன் வாங்கினேன் என்று யார் கேட்டாலும் இதுவரை ஒரே பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளமில்லாமல்கூட வேலை செய்யக்கூடாது. யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் அப்பாவின் நிரந்தர விண்ணப்பமே கெட்டுப்போகும். நண்பர் ஒருவர் எச்சரித்தார், உடனே வாங்கிவிட்டேன். கலைவாணியிடமும் அப்படித்தான் சொன்னேன். அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன். சட்டப்படி அது சரியான காரணமும்கூட.

குறிப்பைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கிறது. நண்பர் எச்சரித்தது மே 14. ரிமோட்டுக்கு ஆர்டர் கொடுத்தது மே 9. தீபா சாப்பாட்டு மேசையில் கேட்டதற்கு மறுநாள்.

ரிமோட்டைப் பொருத்திய அன்று அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்லியே, வெரலாலயே முடிஞ்சிடுதே" என்றார். வீட்டில் இருந்துகொள்ளச் சொன்னேன். "சும்மா ஒக்காந்துக்கிட்டு வரேனேடா, எதையும் தொடல" என்றார். அதற்குமேல் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் வேனின் பின்பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். என் வேலை சுறுசுறுப்பாக நடந்தது.

5

ஜூன் மாதத்தில் மூன்று நாட்கள் பம்ப் தானாக நின்றது.

முதல் தடவை ஜூன் 6. கண்ணாடி முழுக்கத் தேய்த்த அழுக்கோடு இருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. ரிமோட்டை எத்தனை முறை அழுத்தியும் வரவில்லை. வேனுக்குப் போய்ப் பார்த்தால் பெட்டியிலுள்ள கைச்சுவிட்ச் அணைந்திருந்தது. போட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது தடவை ஜூன் 13. நின்றது, நான் ரிமோட்டை அழுத்துவதற்குள் தானே ஓடியது, மறுபடி நின்றது. இதற்குள் என் மனதில் ஒரு சந்தேகம் உட்கார்ந்துவிட்டது. வேனில் வேறு யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது தடவை ஜூன் 20. அதே ஆசிரியை வீடு. அவர் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்றது, வந்தது, நின்றது. கம்பத்தைப் புல்லில் போட்டுவிட்டு வேனுக்குப் போனேன்.

"ஏம்பா, சும்மா இருக்கவே முடியாதா ஒன்னால?"

அப்பா எழுந்து நின்றார். "நான் ஒண்ணும் தொடலடா."

"தொடாம எப்படி நிக்கும்? ரிமோட்டு வந்தது பிடிக்கல, அதானே? தெருத்தெருவா சாவியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச புத்தி. ஒரு ஊரே கையேந்தி நின்னுச்சே, அந்தத் திமிரு இன்னும் போகல. இது ஒன் முனிசிபாலிட்டி இல்ல. எறங்கு கீழ."

இறங்கினார். தமிழ் புரியாவிட்டாலும் குரல் புரிந்து ஆசிரியை வேலியருகே வந்து நின்றார். அவர் கேட்காமலேயே நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "மன்னிக்கவும். புது ஆள். இன்னும் பழகவில்லை."

அப்பாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். நகராட்சிப் பொறியாளர்களிடம் வேலை பார்த்தவர். வேனின் நிழலில், நடைபாதையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேலதிகாரி முன்னால் நிற்கிற நிலை அது. நான் அந்த வீட்டை முடித்துவிட்டு வருகிறவரை அப்படியே நின்றார்.

வார இறுதியில் படிவத்தையும் பேனாவையும் எடுத்துப்போய் அவரிடம் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பத்தியைத் தேடிப் பிடித்து விரலை வைத்தார்.

"இதானே அது? ஒன்னையே நம்பி வாழறேங்கறது?"

"ஆமாம்பா."

"அப்ப படிச்சப்ப பொய்னு இருந்துச்சி. பொய்தானேன்னு தைரியமா போட்டுடலாம்னு இருந்தேன். இப்ப நெஜம் மாதிரி இருக்குடா. போடமாட்டேன்."

பேனாவை மூடி என்னிடமே கொடுத்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அன்றைக்குச் சமையல் என்ன என்று கேட்கிற குரலில் சொன்னார். பயணச்சீட்டின் தேதியை மாற்றினோம். ஜூலை இரண்டாம் வாரத்தில் போய்விட்டார். விமான நிலையத்தில் தீபா அழுதாள். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. இப்போதும் முக்கியமான எதையும் அம்மாவிடம்தான் சொல்கிறாள்.

6

அவர் போய் மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 1. வேனில் யாரும் இல்லை. பம்ப் நின்றது.

கம்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். தண்ணீர் வந்தது. மறுபடி நின்றது. தெருமுனைவரை நடந்து போனேன். அடுத்த தெருவில் இன்னொரு ஜன்னல் துடைக்கும் வேன். டெர்ரி என்று ஒருவர், தொழிலில் எனக்குப் பழக்கமானவர், தம் பம்ப் பைத்தியம் பிடித்தாற்போல் தானாக ஓடுகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவரிடமும் அதே ரிமோட். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். என் வேனில் பம்ப் உறுமியது. நான் அழுத்தினேன், அவருடையது நின்றது. ஒரே கடையில் வாங்கியவை. இரண்டுக்கும் ஒரே குறியீட்டைப் போட்டு விற்றுவிட்டார்கள்.

அந்தத் தெருக்களுக்கு எந்தெந்த நாள் வருவார் என்று டெர்ரியைக் கேட்டேன். வாரந்தோறும் புதன்கிழமை. என் பையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தேன். ஜூன் 6, 13, 20. மூன்றும் புதன். ஆனால் முதல் நாள் கைச்சுவிட்சே அணைந்திருந்தது இதோடு பொருந்தாதே என்று தோன்றியது. அன்று அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. டெர்ரி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "எத்தனை நாளாக ஒருவர் வேலையை ஒருவர் கெடுத்துக்கொண்டிருந்தோமோ!" நானும் சிரித்தேன். அவர் முன்னால் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஞாயிறுதோறும் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசுவேன். அந்த ஞாயிறு சொல்லிவிடுவது என்று இருந்தேன். "சாப்ட்டியா?" என்றார். "சாப்ட்டேம்பா. அங்க தண்ணி வருதா?" என்றேன். "வருது." வைத்துவிட்டேன். குறிப்பில் எண்ணிப் பார்த்தேன்: எழுபத்திரண்டு ஞாயிறுகள் இப்படிப் போயின. ஒன்றில்கூடச் சொல்லவில்லை.

7

2008 டிசம்பரில், தீபம் முடிந்த மறுவாரம், தனியாக ஊருக்குப் போனேன். பையில் புதிய விண்ணப்பப் படிவம் இருந்தது. நேரில் உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கையெழுத்து வாங்கி வருவது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா தாம் வழக்கமாக டீ குடிக்கிற கடைக்கு அழைத்துப்போனார். ஆசிரமத்துப் பக்கம், வெள்ளைக்காரர்கள் பாய் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்தார்.

"சார்தான் லண்டன் கம்பெனியா? ஒங்கப்பா அங்க பம்ப் ஆபரேட்டரா இருந்தாராமே? இங்க வர்ற ஃபாரினருங்களப் பூரா புடிச்சி வெச்சி, 'மை சன் கம்பெனி, ஐ பம்ப் ஆபரேட்டர்'னு ஆரம்பிச்சிடறாரு. டீ ஆறிப்போவுது அவங்களுக்கு."

"யோவ், டீயப் போடுய்யா நீ" என்றார் அப்பா. கொஞ்சம் வெட்கப்பட்டார்.

ஆபரேட்டர். ஹெல்ப்பர் என்றோ புது ஆள் என்றோ அவர் யாரிடமும் சொல்லவில்லை. டீ கிளாசைக் கீழே வைத்தேன். அங்கேயே சொன்னேன்.

"அப்பா, அந்த பம்ப் நின்னுச்சே. அது நீ இல்லப்பா. பக்கத்துத் தெருவுல இன்னொருத்தன் வேன். ரெண்டு ரிமோட்டும் ஒண்ணு. நீ ஊருக்கு வந்த மூணாம் வாரமே தெரிஞ்சிப்போச்சி. நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."

அப்பா டீயை ஊதிக் குடித்தார்.

"மொத நாளு நான்தான்டா."

"என்னப்பா?"

"மொத நாளு நிறுத்துனது நான்தான். சுவிட்ச அமுத்திட்டேன். மத்த ரெண்டு நாளும் நான் தொடல. மொத நாளு தொட்டவன், அப்பறம் எந்த வாயால இல்லன்னு சாதிக்கறது? அதான் எறங்கி நின்னேன்."

"ஏம்பா நிறுத்துனே?"

"ரிமோட்டு வந்ததுலேருந்து நீ வண்டி பக்கம் திரும்பவே இல்ல. முன்னெல்லாம் ஒரு வூட்டுக்கு ஏழு வாட்டி எட்டு வாட்டி திரும்பி என்னைப் பாப்பே. தண்ணி நின்னா பாப்பியேன்னு நெனச்சேன். வந்தே. சுவிட்சப் போட்டே. போயிட்டே."

கிளாசைக் கீழே வைத்தார். "சரி உடு. ரெண்டு பேரும் தப்புப் பண்ணவங்கதான். பெரிசா மன்னிப்பெல்லாம் வாணாம்." பிறகு, நான் கேட்காமலேயே, "அங்க வந்து இருக்கறதப் பத்தி மட்டும் பேசாத. நீ வந்து பாத்துட்டுப் போ, அது போதும்" என்றார்.

படிவத்தை நான் வெளியே எடுக்கவில்லை. திரும்பிவந்து அதைப் பழைய தாள்களோடு போட்டேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது 2007 ஜூன் 6ஆம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். சுவிட்சைப் போடப் போனபோது அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். ஆறு வரிகள் இருக்கின்றன. காலை மேகமூட்டம், பிற்பகல் வெயில். ஒன்பது வீடுகள். பம்ப் ஒரு முறை நின்றது, பத்து நிமிடம் வீண். ஹோஸில் ஒரு இணைப்பு தளர்வு, மாற்ற வேண்டும். டேங்கில் மீதி கால்பங்கு. இரவு மழை. அன்று வேனில் என்னோடு அப்பா வந்தார் என்று எழுதவில்லை.